மறைந்திருக்கும் எண்

அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரி. அதன் கூடைப்பந்துக் குழுவுக்கு நீங்கள்தான் பயிற்றுநர். குழுவில் மொத்தம் 12 இடங்கள். இந்த ஆண்டு நான்கு பேர் படிப்பை முடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த நான்கு இடங்களுக்கும் பள்ளிப் படிப்பை முடித்து வரும் பையன்களிலிருந்து ஆள் சேர்க்க வேண்டும். உங்கள் முன் ஒரு நீண்ட பட்டியல் விரிகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வேகம், தற்காப்பு, பந்தைக் கையாளும் திறன், தூரத்திலிருந்து எறியும் திறன், தாங்குசக்தி என்று வரிசையாக எண்கள். கையில் பணமோ கொஞ்சம்தான். யாரைப் பிடிப்பீர்கள்?

'ஹூப்ஸ் டைனஸ்டி' என்ற இணைய விளையாட்டில் இதுதான் வேலை. இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். இதில் பந்தைத் தொடும் வேலையே கிடையாது. ஓடுவதும் இல்லை, சுடுவதும் இல்லை. எண்களைப் பார்ப்பது, முடிவெடுப்பது, பிறகு கணினி ஆட்டத்தை நடத்தி முடிவைச் சொல்லும் வரை காத்திருப்பது, அவ்வளவுதான். விடுதி அறை நண்பன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கணக்குப் பாடமா?" என்று கேட்டான். ஆமாம், கணக்குப் பாடம் மாதிரிதான் இருக்கும். ஆனால் நான் படித்த கணக்குப் பாடம் எதுவும் என்னை எங்கள் தோட்டத்துத் திடலுக்குத் திரும்பக் கூட்டிப் போனதில்லை. இது கூட்டிப் போனது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் விளையாட்டின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனின் இன்றைய எண்களை யாரும் பார்க்கலாம். வேகம் 60, எறிதல் 35 என்று இருக்கும். ஆனால் அந்த 35 நான்கு ஆண்டுகளில் எங்கே போய் நிற்கும் என்பதுதான் மறைந்திருக்கிறது. அதைத்தான் அந்த விளையாட்டில் உள்ளாற்றல் என்கிறார்கள். ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக உள்ளாற்றல் உண்டு: அதிகம், நடுத்தரம், குறைவு. அதை அறிய வேண்டுமானால் நீங்கள் பணம் செலவழித்து ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். பெரிய பெயருள்ள கல்லூரிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை; இன்றைக்கே 80, 90 என்று மின்னுகிறவர்களை வளைத்துப் போட்டுக்கொள்வார்கள். சிறிய கல்லூரி பிழைக்க ஒரே வழி, இன்று 35-இல் இருந்து நாளை 75-க்குப் போகப் போகிறவனை மற்றவர்கள் கண்ணில் படும் முன்னே கண்டுபிடிப்பது.

இதோடு இன்னும் மூன்று விதிகள். ஒன்று, உழைப்பு மனம் என்று ஓர் எண் உண்டு. உள்ளாற்றல் மலையளவு இருந்தாலும் இந்த எண் குறைவாக இருந்தால் பையன் மெதுவாகத்தான் வளர்வான். இரண்டு, படிப்பு. பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியைப் பாடம் படிக்க ஒதுக்காவிட்டால் அவன் புள்ளி சராசரி சரிந்து, அந்தப் பருவத்தில் ஆடவே தகுதியில்லாமல் போய்விடுவான். என்னதான் நட்சத்திரமாக இருந்தாலும் பெஞ்சில்கூட உட்கார முடியாது. இதை வெறும் விளையாட்டு விதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, முதல் பிரிவில் ஆட வரும் மாணவர் பள்ளியின் முக்கியப் பாடங்களில் 4.0-க்கு 2.3 சராசரியாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் பிரிவுக்கு 2.2.

மூன்றாவது விதிதான் என்னைக் குத்தியது. ஒரு பையனை நேரில் போய்ப் பார்க்கவும் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசவும் ஆகும் செலவு, அவன் வீடு உங்கள் கல்லூரியிலிருந்து எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்து ஊர்ப் பையன் மலிவு. தூரத்துப் பையன் விலை அதிகம். ஒரே திறமை, ஒரே உள்ளாற்றல் உள்ள இருவரில், தூரத்தில் பிறந்தவனை யாரும் எட்டிக்கூடப் பார்க்காமல் விடுவதற்கு அது ஒன்றே போதும்.

பகாவிலிருந்து சிரம்பான் எத்தனை மைல்?

அறுபது கிலோமீட்டருக்கு மேல். கோலப்பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் மலையைக் கடந்து போக வேண்டும். நான் வளர்ந்தது பகாவுக்கும் உட்புறமாக உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில். சாலைக்கு வரவே மோட்டாரில் கால் மணி நேரம். அந்தப் பக்கம் கெடிஸ், ஜெராம் பாடாங் என்று பெயர் சொன்னால் நெகிரி செம்பிலான்காரர்களுக்கு எந்தப் பகுதி என்று தெரியும். தாத்தா காலத்தில் பால்மரம். அப்பா காலத்தில் செம்பனை.

எங்கள் தோட்டத்தில் கூடைப்பந்துத் திடல் கிடையாது. இந்நாட்டில் கூடைப்பந்து பெரும்பாலும் சீனப் பள்ளிகளிலும் சீன மன்றங்களிலும் வளர்ந்த விளையாட்டு. நாங்கள் அறிந்த ஒரே வளையம் தமிழ்ப்பள்ளியில் பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக்காக நட்டிருந்த கம்பம்தான். பின்பலகை இருக்காது. அதில் காற்பந்தை எறிந்து பழகினோம். பலகை இல்லாத வளையத்தில் எறிந்தால் நேராக விழுந்தால் உண்டு, இல்லையென்றால் பந்து கால்வாய்க்குப் போகும். எடுக்கப் போகிறவனுக்கு அடுத்த முறை எறியும் வாய்ப்பு கிடையாது. குறி தவறாமல் எறிய இதைவிட நல்ல பயிற்சி வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் விளையாட்டு காற்பந்து. பழைய தோட்டங்களில் லயத்துக்கு முன்னாலோ கோயிலுக்குப் பக்கத்திலோ ஒரு திடல் இருக்கும். மாலை நான்கரைக்கு மேல் ஆட்டம் தொடங்கும். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். கிராணியார் வீட்டுப் பிள்ளையும் பால்மரம் வெட்டுகிறவர் பிள்ளையும் ஒரே குழுவில் ஆடுவார்கள். யாருக்கும் தேர்வுக் கடிதம் வராது. ஆனால் நல்லா ஆடுகிறவனைப் பற்றிப் பேச்சு பரவும். பக்கத்துத் தோட்டத்து மண்டோர் வந்து நின்று பார்ப்பார். அவர் பட்டணத்தில் ஒருவரிடம் சொல்வார். அவர் மாநில அளவில் ஒருவரிடம் சொல்வார். பணம் செலவில்லாத ஆள் பார்க்கும் முறை அது.

அந்த முறை இன்று பாதி அழிந்துவிட்டது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் போய்ப் பாருங்கள். தோட்டமாக இருந்த நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. மக்கள் அடுக்குமாடிக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் போய்விட்டார்கள். தோட்டம் போனால் வேலை போகும், கோயில் போகும் என்று பேசுகிறோம். திடல் போனதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் ஆற்றலைத் தானே பார்த்துக்கொண்டிருந்த இடம் அது.

நெகிரி செம்பிலானிலிருந்து மேலே போனவர்கள் இல்லாமல் இல்லை. எஸ்.குணாளனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற நெகிரி குழுவில் ஆடியவர். 2010 டிசம்பரில் கே.ராஜகோபால் பயிற்சியின் கீழ் மலேசியா முதல் முறையாக ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை வென்றபோது அந்தத் தேசியக் குழுவிலும் இருந்தவர்; இறுதியில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4–2 என்று வென்றோம். அவருடைய வேகம் திடலோரத்தில் எதிரணியைத் திணறடித்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. ஓரத்தில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரராகப் பெயர் வாங்கியவர், பின்னாளில் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவில் வலப்புறத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறி ஆண்டுக்கணக்கில் நிலைத்தார். வேகம் அதே வேகம்தான். அதை வைக்க வேண்டிய இடத்தை யாரோ கண்டுபிடித்தார்கள், அவரும் கற்றுக்கொண்டார். எந்தத் திறனில் எவ்வளவு வளர இடமிருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கும் அந்தக் கணினி விளையாட்டு இதைச் சரியாகவே புரிந்து வைத்திருக்கிறது.

ஜனவரியில் பிறந்த பையன்

இனி, தேர்வு நடக்கும் விதத்துக்கு வருகிறேன். நான் உடற்கல்வி படிக்கும் மாணவன். பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க உதவுகிறேன். அதனால் மாவட்டத் தேர்வுகளைத் திடலோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நம் பள்ளி விளையாட்டுகளில் 12 வயதுக்குக் கீழ், 15 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள் உண்டு. வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஜனவரி 2-ஆம் தேதி பிறந்தவனும் டிசம்பர் 28-ஆம் தேதி பிறந்தவனும் ஒரே பிரிவு. பன்னிரண்டு வயதில் அந்த ஓராண்டு இடைவெளி உயரத்தில், எடையில், தோள் அகலத்தில் தெரியும். தேர்வாளர் இரண்டு மணி நேரத்தில் நூறு பேரைப் பார்க்கிறார். யாரைத் தேர்ந்தெடுப்பார்?

1980-களில் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் இளையோர் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தார். முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சொற்பம். அங்கேயும் வயதுக்கணக்கு ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. ஜனவரிப் பிள்ளைகள் திறமையில் பிறந்தவர்கள் என்பதல்ல இதன் பொருள். சில மாதம் மூத்தவனைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தவனுக்கு நல்ல பயிற்றுநர், நல்ல திடல், அதிக ஆட்டம் கிடைத்தது. அதனால் அவன் உண்மையிலேயே சிறந்தவனாகிவிட்டான். தேர்வு செய்தவர் தன் கண் சரியென்று நினைத்துக்கொண்டார். பிறகு இதே போக்கைக் காற்பந்து உட்பட வேறு பல விளையாட்டுகளிலும் கண்டிருக்கிறார்கள்.

இன்றைய எண்ணைப் பார்த்து நாளைய எண்ணை அளக்கும் பிழை இது. பெரிய இடங்களிலும் நடக்கிறது. 1978-இல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் லேனி உயர்நிலைப் பள்ளியின் முதன்மைக் கூடைப்பந்துக் குழுவுக்கு ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் லீராய் ஸ்மித்; உயரம் 6 அடி 7 அங்குலம். அவனோடு தேர்வுக்கு வந்த 5 அடி 10 அங்குலப் பையனை இளையோர் குழுவிலேயே இருக்கச் சொன்னார்கள். அந்தப் பையன் மைக்கேல் ஜோர்டான். பள்ளிக்கு உயரம் தேவைப்பட்டது; அந்த முடிவில் நியாயம் இருந்தது என்றுகூட நான் சொல்வேன். ஆனால் ஜோர்டான் இளையோர் குழுவில் ஆடிக்கொண்டே இருந்தார், வளர்ந்தார், 1982-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வெற்றி தேடித் தந்த எறிதலை எறிந்தார். இந்தக் கதையை எல்லோரும் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். என் கண்ணுக்குப் படுவது அந்த இளையோர் குழு. முதன்மைக் குழுவில் இடம் கிடைக்காதவனுக்கு ஆட இன்னொரு குழு இருந்தது. நம் மாவட்டத் தேர்வில் பெயர் வராத பையனுக்கு அடுத்த வாரம் ஆட என்ன இருக்கிறது? அவன் கைப்பேசி இருக்கிறது.

ஸ்டீபன் கறி கதையும் கிட்டத்தட்ட இதுதான். தந்தை டெல் கறி என்.பி.ஏ. ஆட்டக்காரர். அப்படியிருந்தும் மகன் மெலிந்திருக்கிறான், குட்டையாக இருக்கிறான் என்று பெரிய கல்லூரிகள் உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி கூப்பிட்டது. 2008-இல் அந்தச் சிறிய கல்லூரி தேசியப் போட்டியில் கடைசி எட்டு இடங்களுக்குள் வந்தது. 'ஹூப்ஸ் டைனஸ்டி' ஆடுகிறவர்கள் எல்லோரும் தேடுவது இப்படி ஒரு பையனைத்தான்.

நம்மவர்கள் அந்தக் கதவைத் தட்டியதில்லையா என்று கேட்பீர்கள். தட்டியிருக்கிறார்கள், கூடைப்பந்தில் அல்ல. 400 மீட்டர் ஓட்டக்காரர் ஷெரின் சாம்சன் வல்லபோய், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் ஓட்டக் குழுவில் ஓடினார். என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவுக் கல்லூரி அது. பேர்பெற்ற முதல் பிரிவு அல்ல. 2023-இல் புனோம் பென்னில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் அவருக்கு. கெடாவைச் சேர்ந்த சுவர்ப்பந்து வீராங்கனை எஸ்.சிவசங்கரி கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. அவை விளையாட்டுக்காக உபகாரச் சம்பளமே தருவதில்லை. படிப்புத் தகுதி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் ஒற்றையர் தங்கம் வென்றார். இருவருமே படிப்பையும் விளையாட்டையும் ஒரே கையில் பிடித்துப் போனவர்கள்.

பெரட்டு நேரம்

எங்கள் தோட்டத்தில் படிவம் 3 படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம். நவம்பரில் பிறந்தவன். வயதுக்கு உயரம் குறைவு. ஆனால் நின்ற இடத்திலிருந்தே நல்ல உயரத்துக்கு எம்புவான். சனிக்கிழமைகளில் அப்பாவோடு போய் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்குவான். சில நேரம் குலையையும் தள்ளுவண்டியில் ஏற்றுவான். ஒரு குலை இருபது கிலோ இருக்கும். எந்த உடற்பயிற்சிக்கூடத்துக்கும் போகாமலே அவன் முதுகும் தொடையும் இறுகியிருப்பதற்கு அதுதான் காரணம்.

சென்ற ஆண்டு சிரம்பானில் ஒரு குழுவுக்குத் திறந்த தேர்வு நடந்தது. காலை எட்டு மணிக்குத் திடலில் இருக்க வேண்டும். அவன் அம்மாவிடம் பேசப் போனேன்.

"எட்டு மணிக்கு அங்க இருக்கணும்னா இங்கேருந்து எத்தன மணிக்குக் கெளம்பணும் தம்பி?"

"அஞ்சரைக்காச்சும் கெளம்பணுங்க்கா."

"அஞ்சரைக்கு அவுங்கப்பாவுக்குப் பெரட்டு. மோட்டார அவரு எடுத்துட்டுப் போயிருவாரு."

அவ்வளவுதான் பேச்சு. அவர் மறுக்கவில்லை, மகன் விளையாடுவதில் அவருக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் ஒரே மோட்டார். தேர்வு நேரமும் பெரட்டு நேரமும் மோதின. பையன் போகவில்லை. தேர்வை நடத்தியவர்களைக் குறை சொல்லி என்ன பயன், எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து எட்டு மணி என்று எழுதியவருக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிரம்பானில் இருந்து ஒரே ஒரு பயிற்றுநர் ஆண்டுக்கு ஒருமுறை பகாவ் பக்கம் வந்து ஒரு நாள் மாலை நின்று பார்த்தால் எவ்வளவு செலவாகும்? பெட்ரோலும் ஒரு வேளைச் சாப்பாடும். ஐம்பது பையன்கள் அங்கே போவதைவிட ஒருவர் இங்கே வருவது மலிவு. மாநிலத்தில் காற்பந்து, ஓட்டம், ஹாக்கி என்று எந்த விளையாட்டை நடத்துகிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் சிக்கல். தேர்வு முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும் என்றாலே பேச்சு முடிந்தது. கூடவே போக ஓர் ஆசிரியை இருந்தால் போகலாம். இல்லையென்றால் இல்லை. அந்த ஆசிரியைகள் சிலர் தங்கள் சொந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு அது.

விளையாட்டு எங்கே தவறுகிறது

கணினி விளையாட்டைப் புகழ்ந்து எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். அது ஓர் இடத்தில் முழுக்கத் தவறுகிறது. அதில் உள்ளாற்றல் என்பது பிறக்கும்போதே எழுதி வைத்த எண். நீங்கள் கண்டுபிடிக்கலாம், மாற்ற முடியாது. காற்பந்துக்கான 'புட்பால் மேனேஜர்' விளையாட்டிலும் இதே கதைதான். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 200-க்கு இன்றைய ஆற்றல், உச்ச ஆற்றல் என்று இரண்டு எண்கள் ஒளிந்திருக்கும்.

அந்த வகை விளையாட்டின் பழைய பதிப்பான 'சேம்பியன்ஷிப் மேனேஜர் 2001–02' ஆடியவர்களைக் கேட்டால் செர்னோ சம்பா என்ற பெயரைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் மில்வால் இளையோர் குழுவில் இருந்த பையன். விளையாட்டுக்குள் அவனை வாங்கினால் உலகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரன் ஆகிவிடுவான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். நிஜத்தில் அவர் சிறிய குழுக்கள் பலவற்றில் ஆடி, பெரிய பெயர் எடுக்காமலே ஓய்வு பெற்றார். எண் போட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். பதினைந்து வயதில் ஒருவன் உள்ளே முற்றிலும் முடிவான ஓர் எண் இருக்கிறது என்று நம்பியதில்தான் கோளாறு. காயம், வீடு, பயிற்றுநர், சாப்பாடு, ஆடக் கிடைத்த நிமிடங்கள் எல்லாம் அந்த எண்ணை ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி "இவனுக்கு அவ்வளவுதான் வரும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். விளையாட்டில் மட்டுமல்ல, கணக்கில், அறிவியலில், மலாய் மொழியில். அதைச் சொல்கிறவர் பையன் உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டதாக நினைக்கிறார். அவர் பார்த்தது இன்றைய எண்ணை மட்டுமே, அதுவும் ஒரு நாள் காலையில்.

சரி, படிக்கிற நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் பள்ளியிலேயே உங்களுக்கான எண்கள் இருக்கின்றன. செகாக் உடல்தகுதிச் சோதனையை ஆண்டுக்கு 2 முறை செய்கிறீர்கள்: பலகையில் ஏறி இறங்குதல், கை ஊன்றி எழுதல், படுத்து எழுதல், அமர்ந்து முன்னால் எட்டுதல். பெரும்பாலானோர் அதை ஆசிரியருக்காகச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த எண்களை நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதோடு 100 மீட்டர் நேரம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் நீளம், 2.4 கிலோமீட்டர் ஓடும் நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேதி போட்டு. ஒரு பயிற்றுநரிடம் நீங்கள் காட்ட வேண்டியது இன்றைய எண்ணை அல்ல, ஓராண்டில் அது நகர்ந்த தூரத்தை. ஆள் அனுப்பிப் பார்க்க அவர்களிடம் பணமில்லை என்றால், பார்த்த அறிக்கையை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆட்டத்தைக் கைப்பேசியில் படமெடுத்து இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கி அனுப்பலாம். நன்றாக ஆடிய காட்சிகள் மட்டும் வேண்டாம், பந்து இல்லாதபோது எங்கே நின்றீர்கள் என்பதையும் விடாமல் வையுங்கள். தெரிந்த பயிற்றுநர் அதைத்தான் பார்ப்பார்.

விளையாட்டு வேண்டாம், படிப்பே போதும் என்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. எஸ்.பி.எம்.-இல் ஒரே மாதிரி தேர்ச்சி பெற்ற இருவரில் இடம் யாருக்கு என்பதை அந்த 10 முடிவு செய்துவிடலாம். மாவட்ட அளவில் ஆடியது, குறுக்கோட்டத்தில் பள்ளியைப் பிரதிநிதித்தது, சாரணர் இயக்கத்தில் பொறுப்பு வகித்தது எல்லாவற்றுக்கும் அங்கே புள்ளி உண்டு. சான்றிதழ்களை அலமாரிக்குள் பூச்சி அரிக்க விடாதீர்கள். பள்ளியில் உங்கள் பெயரில் அவை பதிவாகியிருக்கிறதா என்று படிவம் 5 முடியும் முன்னே புறப்பாட ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். பதிவு விடுபட்டதைப் பின்னால் சரி செய்வது பெரும் அலைச்சல்.

விளையாட்டில் உண்மையாகவே மேலே போக நினைக்கிறவர்கள், புக்கிட் ஜாலில், பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளிகளைப் பற்றி உடற்கல்வி ஆசிரியரிடம் விசாரியுங்கள். காற்பந்துக்கு பகாங் மாநிலம் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி இருக்கிறது. எதிலும் சின்ன வயதிலேயே தேர்வு நடக்கும்; படிவம் 4-இல் யோசிக்கத் தொடங்கினால் பல கதவுகள் அடைத்திருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு படிக்கும் தம்பி, தங்கை இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கும் காட்டுங்கள்.

அந்த நவம்பர்ப் பையனின் நோட்டு இப்போது என் பையில் இருக்கிறது. பிப்ரவரியில் 100 மீட்டரை 13.4 விநாடியில் ஓடினான். சென்ற வாரம் 12.7. நிறுத்துக்கடிகாரம் என் கையில் இருந்ததால் ஒரு பத்தில் இரண்டு மூன்று பங்கு முன்பின் இருக்கலாம் என்று அவனிடம் சொன்னேன். "அப்படின்னா இன்னொரு தடவ ஓடுறேண்ணே" என்று திரும்பக் கோட்டுக்குப் போனான். உயரம் நான்கு செண்டிமீட்டர் கூடியிருக்கிறது. கணக்கில் இன்னும் 48 புள்ளிதான். புதன்கிழமைகளில் ஓட்டம் கிடையாது, கணக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம். அடுத்த தேர்வு எப்போது என்று தெரிந்ததும், முதல் நாள் இரவே கோலப்பிலாவில் இருக்கும் அவன் சித்தி வீட்டுக்குப் போய்விடுவது என்று அவன் அம்மா முடிவு செய்திருக்கிறார்.